கல்யாணக் காரின் கூரை

பாப்பாரப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்கோலம் போக ஒரே ஒரு கார்தான் இருந்தது. ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப்போன வண்டி அது. கூரையை மடக்கிப் பின்னால் இறக்கிவிடலாம். அவரிடம் டிரைவராக இருந்த கஸ்பார் கைச்சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கி ஊருக்கு ஓட்டிவந்தார். வேதக்காரக் கிறிஸ்தவர் வண்டி என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. முகூர்த்த மாதங்களில் அவருக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது.

மடங்கிய கூரை மூட்டைபோல் கிடந்து பூ அலங்காரத்தைக் கெடுக்கிறது என்று கல்யாண வீட்டார் முணுமுணுக்கவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அதைக் கழற்றியே போட்டுவிட்டார். துணி எலிக்கு இரையாயிற்று. இரும்புச் சட்டம் கோழிக்கூண்டுக்குப் போயிற்று.

அது தொழில். இன்னொன்றும் செய்தார், அதைத் தொழில் என்று சொல்ல வாய் வரவில்லை. நஞ்சப்பன் என்ற பெரிய விவசாயி மூத்த மகள் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தார். அப்போது கஸ்பாரின் மனைவி ராஜமேரி பின்சீட்டில் உட்கார்ந்து மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். நஞ்சப்பன் அவளைப் பார்த்ததும் திரும்பிப்போய் சேலத்திலிருந்து கார் வரவழைத்தார். இனி அந்த சீட்டில் உட்காராதே என்று கஸ்பார் அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் வண்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஒருநாள் தலையில் அரிசி மூட்டையோடு அவள் இண்டூர் ரோட்டில் நடந்துவர, பின்னால் காலி வண்டியில் வந்த கஸ்பார் ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனார்.

அறுபத்தெட்டில் ராஜமேரிக்குக் காசநோய் கண்டது. வாரம் இரண்டு நாள் தர்மபுரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், வழியில் மழையும் புழுதியும் படக்கூடாது என்றார் டாக்டர். வாசலில் கார் நிற்க, கஸ்பார் அவளை பஸ்ஸில்தான் கூட்டிப்போனார். கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தவள் இறங்கியதும் ரத்தம் கக்கினாள். அன்று வீடு திரும்பியவுடன் அவர் கோழிகளை விரட்டிவிட்டுக் கூண்டைப் பிரித்தார்.

ஐந்து நாள் வேலை. துருவேறிய கீல்களில் மண்ணெண்ணெய் விட்டு அசைத்தார். கோணிப்போன சட்டங்களைக் கல்லில் வைத்துத் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தார். புதுக் கித்தான் வாங்கி வெட்டிக் கோணி ஊசியால் தைத்ததில் விரலெல்லாம் பொத்தல். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி ராஜமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா கோயில் பீடத்துணிகளைத் தைத்துக் கொடுப்பவள் அவள். இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறாம் நாள் நல்ல மழை. நனைந்து காய்ந்த கித்தான் சுருங்கி, முன்கண்ணாடிக் கொக்கிக்கு ஒரு சாண் எட்டாமல் நின்றது. இழுத்துப் பார்த்ததில் தையல்தான் பிரிந்தது. கஸ்பார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“புதுத் துணிய நனைச்சுக் காயவெச்சுத்தான் வெட்டணுங்க,” என்றாள் ராஜமேரி.

தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

“மழைக்குன்னா சொல்லியிருப்பேன். நான் ஒக்காந்துக்கினு போறது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான மூடறீங்க?”

கஸ்பார் கூரையின் பக்கங்களைப் பார்த்தார். பக்கவாட்டிலும் திரை தைத்து வைத்திருந்தாரே. புழுதிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். உள்ளே இருப்பது யாரென்று தெரிந்தால் அப்புறம் எவன் வண்டி கேட்டு வருவான் என்ற கணக்கு அவருக்குள் இருக்கத்தான் செய்தது.

பக்கத் திரைகளைப் பிரித்துத் தண்ணீரில் போட்டார். காய்ந்ததும் ராஜமேரி அளவு சொல்ல, அந்தத் துணியையே முன்பக்கம் ஒட்டுக் கொடுத்துத் தைத்தார். கூரை கொக்கிக்கு எட்டியது.

ஊசி போடும் நாள் காலையில் அவள் டிரைவர் பக்கத்து சீட்டுக்குத்தான் போனாள். கஸ்பார் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பின்சீட்டில், கல்யாணப்பெண் உட்காரும் இடத்தில் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றிவிட்டார். பிறகு அத்தனை பாடுபட்டுப் பொருத்திய கூரையை மடக்கிப் பின்னால் இறக்கினார்.

அன்று சந்தை. கடைவீதி முழுக்க ஊர்கோல வேகத்தில் ஓட்டினார். கூடைக்காரர்கள் விலகி வழிவிட்டு அப்படியே நின்று பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றிருந்த நஞ்சப்பனும் பார்த்தார். ராஜமேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் கஸ்பார் வண்டியை நிறுத்திக் கூரையை ஏற்றிக் கொக்கி மாட்டினார்.

அந்தத் தை மாதம் வண்டி கேட்டு ஒருவரும் வரவில்லை. கஸ்பார் அடுத்தவர் லாரிக்கு டிரைவராகப் போனார். ஊசி நாட்களில் மட்டும் போகமாட்டார். பதினோரு மாதம் அப்படி ஓடியது. அதற்குமேல் அவள் உடம்பு தாங்கவில்லை, கண்ணை மூடினாள்.

எழுபத்தொன்றில் நஞ்சப்பன் இளைய மகள் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தார். இனிமேல் தடையொன்றும் இல்லையே, அந்தக் கூரையை மட்டும் கழற்றிவிட்டால் போதும் என்றார். கஸ்பார் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை உதறி மடித்தார்.

“பின்சீட்டு காலியில்லீங்க,” என்றார்.