டீக்கடைக்குத் தளம் போட்ட இரண்டு நாட்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என் கணவர் மிதித்து உடைத்தது ஒரு டீக்கடையின் தரையை. ஒரு முழம் நீளம், அதற்குக் கொஞ்சம் குறைவான அகலம். முந்தின நாள் முழுக்கக் குனிந்தபடியே உட்கார்ந்து செய்தது.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். முதுகுவலி வந்து நின்றுவிட்டேன். முதுகுதான் ஓய்வு கேட்டது, கை கேட்கவில்லை. சும்மா இருந்தால் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருக்கும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மேசைமேல் வைக்கிற அளவில் வீடும் கடையும் செய்யப் பழகினேன். இது மூன்றாவது ஆர்டர். மதுரையில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருந்தார். அவருடைய அப்பா போடிமெட்டுப் பாதையில் டீக்கடை வைத்திருந்தவராம். அனுப்பியது ஒரே ஒரு போட்டோ. கடை மலைச்சரிவில் இருந்தது. முன்பக்கம் ரோட்டைவிட ஒரு படி உயரம்; பின்பக்கம் மரக்கால்கள்மேல் நின்றது.

"அந்தப் படி கட்டாயம் வேணும்மா. எங்கப்பா அதுலதான் உக்காந்திருப்பாரு" என்று இரண்டு முறை போனில் சொல்லியிருந்தார்.

தளத்துக்கு நான் எடுத்தது ஃபோம் போர்டு. இரண்டு பக்கமும் தாள், நடுவில் நுரை. தூக்கினால் எடையே தெரியாது. நாலு மூலைக்கும் நாலு கட்டை ஒட்டி, மேலே அட்டையை வைத்து, காய்வதற்காகச் சுவரோரம் தரையிலேயே விட்டிருந்தேன். எங்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான். ஜீப்புச் சாவியை எடுக்க வந்தவர் கால் அதன் நடுவில் இறங்கிவிட்டது.

"நடக்க எடமில்லாம பரப்பி வச்சா மனுசன் காலை எங்க வைக்கிறது?"

"கண்ணு எங்க போச்சு உங்களுக்கு? ஒரு நாள் சோலி போச்சு. போங்க, போயித் தொலைங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டார். காப்பியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைத் தினமும் மேலே ஏற்றிச் செல்கிற வண்டி அவருடையது. ஆறு மணிக்கு ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தளம் அவர் மிதிக்காவிட்டாலும் நின்றிருக்காது. முந்தின நாள் சாயங்காலமே களிமண் அடுப்பை வைத்துப் பார்த்திருந்தேன். நடுவில் லேசாகக் குழிந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு மழை பிடித்தது. பதினொன்றுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொரு ஜீப்புக்காரர் போன் செய்தார்.

"மதினி, அண்ணே பேசுனாரா?"

"இல்லையே. ஏன்?"

"மேல ரெண்டு எடத்துல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருக்கு. அண்ணே அதுக்கு முன்னாடியே தாண்டிப் போயிருப்பாரு. சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிற குரல் அது இல்லை. கணவர் எண்ணுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பப் போட்டேன். அதே குரல். குடையை எடுத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் வண்டியில் போன பெண்களின் வீட்டார் அங்கே நனைந்தபடி நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் வண்டியைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த வளைவில் என்று கேட்டால் முழித்தார். அரை மணி நேரத்துக்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் உட்கார முடியவில்லை. கடைசியில் பிளேடை எடுத்தேன்.

இந்த முறை அடியில் வெற்றிடம் விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ஓர் அங்குல உயரத்துக்கு நீளப் பட்டைகள் வெட்டினேன். புது பிளேடு போட்டு, முதலில் மேல் தாள், அடுத்து நுரை, பிறகு அடித்தாள் என்று மூன்று தடவையாக இழுத்தால்தான் ஓரம் பிய்யாது. ஒவ்வொரு பட்டையிலும் பாதி உயரத்துக்குப் பள்ளம் வெட்டி, நெடுக்கும் குறுக்குமாக ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினேன். கட்டம் கட்டமாக ஒரு சட்டம் வந்தது. ஒரு பட்டை வெட்டுவது, போனை எடுப்பது, வாசலுக்குப் போவது, மறுபடி ஒரு பட்டை. கை நிதானத்தில் இல்லாததால் ஒரு பட்டை நூலளவு உயர்ந்துவிட்டது. அட்டையை மேலே வைத்தால் ஆடியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போதுதான் முதல் தடவையாக அழுதேன். கடைசியாக அவரிடம் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது.

அன்று இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கவில்லை.

புதன்கிழமை காலையில் சட்டத்துக்கு மேலே ஒரு அட்டை, அடியில் ஒரு அட்டை ஒட்டினேன். மேல்பக்கம் மட்டும் பசை தடவித் தாள் ஒட்டினால் காயும்போது அட்டை அந்தப் பக்கமாக வளைந்துகொள்ளும். அதனால் அடியிலும் அதே தாளை ஒட்டினேன். பலகை வைத்து, அதன்மேல் அரிசி டின்னைத் தூக்கி வைத்தேன். மழை ஈரத்தில் பசை காயவே இல்லை. தொடாமல் விட வேண்டும் என்று தெரியும். ஆனாலும் கால் மணிக்கு ஒரு தடவை டின்னை இறக்கிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். தொடை வரைக்கும் செம்மண்ணோடு நின்றார்.  துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"பொம்பளைக எல்லாரும் நல்லா இருக்காக" என்றார் முதலில். "தோட்டத்து ஸ்டோர்லதான் படுத்திருந்தோம். வண்டி மேலயே நிக்குது. சரிஞ்ச எடம் வரைக்கும் நடந்து வந்து, கீழ இருந்து வேற ஜீப்புல வந்தோம்."

"ஒரு போனு..."

"டவர் இல்ல புள்ள."

சாப்பாடு போட்டேன். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"நடந்து வரயில பாத்தேன். ஒரு வளைவுல ரோட்டுக்கு அடியில மண்ணே இல்ல. தாரு மட்டும் அந்தரத்துல நிக்குது. அது மேலதான் நேத்துக் காலையில ஆளுகள வச்சு ஏத்திருக்கேன்."

கைகழுவி வந்ததும் அரிசி டின் பக்கம் பார்த்தார். "என்ன இது?" என்றார். டின்னை இறக்கித் தளத்தை எடுத்துக் காட்டினேன். இரண்டு கையாலும் ஊன்றி நடுவில் அழுத்தினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு திருப்பி, பின்பக்கத்துக் கால்கள் வர வேண்டிய இடத்தை விரலால் தட்டினார். ஓரத்தில் ஓர் இடம் டொக்கென்று வெற்றாகக் கேட்டது.

"இங்க ஒண்ணு குடு."

போதும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அடி அட்டையைக் கீறித் திறந்து, அங்கே இரண்டு பட்டை சேர்த்தேன். பசை பிடிக்கும்வரை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.  "உங்கள அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றேன். "தள்ளிப் பிடி, வழுக்குது" என்றார்.

சுவர், தகரக் கூரை, கண்ணாடி ஜாடி, பாய்லர், முன்னால் அந்தப் படி எல்லாம் முடிய இன்னும் ஒன்பது நாள் ஆனது. அதற்குள் ரோட்டைச் சரிசெய்து திறந்துவிட்டார்கள். அவர் மறுபடி மேலே போகத் தொடங்கினார். மழை தூறினால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் இருவருமாகக் கடையை மதுரைக்குக் கொண்டுபோனோம். பெட்டி என் மடியில். எதிரே இருந்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரி கட்டுன டீக்கடை. மேல ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

அந்தப் பெண் சிரித்தாள். நான் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.