பட்டுக்கு வைத்த தீயைக் கரண்டிக்கு வைக்க மறந்தேன்

நெசவு வீடு எங்களுடையது. பட்டு நூல் வாங்கினால் ஓர் இழையைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்த்துத்தான் நம்புவோம். அந்தப் புத்தி கரண்டி வாங்கும்போது எனக்கு வரவில்லை.

நான்ஸ்டிக் தவா கீறாமலிருக்க, ஆரணி கடைத்தெருவில் சிலிக்கான் தோசைத்திருப்பி கேட்டேன். "எவ்ளோ சூடும் தாங்குங்க" என்று வாய் கூசாமல் சொல்லி ஒன்றைத் தந்தார் கடைக்காரர். மறுநாள் காலை முதல் தோசையிலேயே அதன் விளிம்பு இளகி மாவோடு ஒட்டிக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. தோசையைப் பிய்த்து வாயருகே கொண்டுபோன என் மகள், நாற்றம் தாங்காமல் தட்டைத் தள்ளிவிட்டதால் தப்பித்தாள்.

நேரே கடைக்குப் போனேன். "அடுப்ப பெரிசா வெச்சிகினு எங்கள கேட்டா எப்டிங்க? பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

சாமி படத்தடியில் இருந்த அவருடைய தீப்பெட்டியை எடுத்து, கடையில் தொங்கிய இன்னொரு திருப்பியின் நுனியில் தீயை வைத்தேன். நிஜ சிலிக்கான் உருகாது; இது வெறும் பிளாஸ்டிக், கருப்பாக உருகிச் சொட்டியது.

"உங்க ஊட்ல இத்த வெச்சி தோசை சுட்டுத் துன்னுவீங்களா?"

கேட்டுவிட்டு, உருகியதை அவர் கல்லாமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் சிலிக்கான் என்று யார் எதைக் காட்டினாலும், கடையிலேயே தீக்குச்சி உரசிக் காட்டச் சொல்கிறேன். முகம் சுளிக்கிற கடையில் தீப்பெட்டிகூட வாங்குவதில்லை.