மூட்டத்துக்குள் சொன்ன பதில்

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று என் கணவரிடம் சொன்னது பொய்.

அவரிடம் சொல்லத் துணிவில்லாதவள், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் ஒரு பூ நர்சரியில் எனக்குத் தற்காலிக வேலை. சீசன் முடிந்தால் நிறுத்திவிடுவார்கள். மறுபடி கூப்பிடும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடிக் கூடம்! வெளியே வெள்ளையாக மூட்டம், உள்ளே ஈரம் சொட்டும் பிகோனியாக்கள். அதற்குள் நான் நடந்ததாகவே நினைவில்லை... மிதந்துகொண்டிருந்தேன்.

என் கணவர் முருகேசன் வடகவுஞ்சியில் கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது. "ஒனக்கு ஒரு நெரந்தர வேல கெடச்சாப் போதும் புள்ள, நான் இந்தச் சோலிய விட்டுர்றேன்" என்பார். அதற்காகத்தான் கீழே ஒட்டன்சத்திரத்தில், காய்கறி நாற்று வளர்க்கும் ஒரு கம்பெனியின் நேர்காணலுக்குப் போனேன். அங்கே அடித்த வெயிலில் எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு பிற்பகலில் அழைப்பு வந்தது. எங்கள் ஊரில் சாலை வளைவில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஓடிப்போய் நின்றேன்.

"நிரந்தர வேலைம்மா. பி.எஃப். உண்டு, குடும்பத்தோட தங்க வீடும் தர்றோம். எப்ப வர்றீங்க?" என்றார் மேலாளர்.

கீழே சமவெளி முழுவதும் வெயிலில் கிடந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதலில் ஒட்டன்சத்திரம் மறைந்தது, பிறகு சாலை, பிறகு என் பாதங்கள்... இல்லாத ஊருக்கு எப்படிப் போவது?

"வரலைங்க" என்றேன்.

மூட்டத்தின் மேல் பழி போடுகிறேனோ? போடத்தான் செய்கிறேன். அந்த நொடியில் என் கணவரின் முழங்கால் என் நினைவுக்கு வந்தது. வந்த பிறகுதான் அப்படிச் சொன்னேன்!

வீட்டுக்கு வந்து, "கெடைக்கலைங்க" என்றேன். அவர் எழுந்து எனக்குக் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார்.

"விடு புள்ள. ஒன்னய வேண்டாம்னவனுக்குக் கண்ணு அவிஞ்சு கெடக்கு."

தேற்றினார்... என்னை!

அடுத்த மாதமே அவர் கீழே இறங்கிவிட்டார். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில், நிரந்தரமாக லோடு இறக்கும் வேலை. அதே மூட்டைகள், அதே முழங்கால்!

"ரெண்டு பேருல ஒருத்தராச்சும் நெரந்தரமாகணும்ல? நீ இங்கனயே இரு. அந்த வெக்க ஒனக்கு ஆகாது."

எனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கம்பெனி வேலைக்குப் போகட்டுமா என்று நான் கேட்டிருந்தால், போக வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பாரோ? கேட்கவில்லையே!

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாயைத் திறந்து குளிரை இழுப்பார். முதுகெல்லாம் வேர்க்குரு. பவுடர் போட்டுவிடும்போது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும்... பவுடர் டப்பாவை மூடி வைத்துவிடுவேன்.

மாலையில் அந்த வளைவுக்குப் போகிறேன். கீழே விளக்குகள் எரியத் தொடங்கும். ஏதோ ஒரு விளக்கின் அடியில் அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். பிறகு மூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

அப்போது எனக்கு அழுகைதானே வர வேண்டும்? வருவதில்லை... நிம்மதியாக இருக்கிறது.