மணிக்கூண்டின் மேலிருந்து கூப்பிட்டவள்

பார்வை சரியில்லாமல் எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கண் பரிசோதிப்பதுதான் என் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துப் பவர் சொல்கிறவள் நான். என் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று எனக்கே தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் காது நன்றாகக் கேட்கும். கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

தலைநகரத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயசு ஆசை. பள்ளிக்கூடப் புத்தகத்தின் அட்டையில் அந்த மணிக்கூண்டு இருக்கும். டிவியில் செய்தி வாசிக்கிறவரின் முதுகுக்குப் பின்னாலும் அதுதான் நிற்கும். எல்லாமே அங்கேதான் நடக்கிறது, நாம் மட்டும் இங்கே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும். கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மசியவே இல்லை. "கூட்டம். தூசி. அங்க என்ன கொட்டிக் கெடக்கு?" என்பார். அத்தோடு எழுந்து போய்விடுவார்.

கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவருடைய அக்கா. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைக் "கண்ணாடி" என்றுதான் கூப்பிடுவார். என் பெயரே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

"அவன் கெடக்கான். நாம ரெண்டு பேரும் போவோம் கண்ணாடி. நானும் ஒரு தடவை பாத்துடணும்" என்றார்.

நாலு நாள் தங்கினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கால் தரையிலேயே பாவவில்லை. ஒரு சாலையைக் கடக்கவே ஐந்து நிமிஷம் ஆகும், அவ்வளவு அகலம். பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலில் எதிர்த்திசையில் போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். மியூசியத்தில் ராஜாவின் செருப்பைக்கூட விடாமல் பார்த்தோம். எந்தத் தெருமுனையில் நின்றாலும் கட்டிடங்களுக்கு மேலே அந்த மணிக்கூண்டு எட்டிப் பார்க்கும். நான் உடனே போனை எடுத்துவிடுவேன். நாத்தனார் மட்டும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம்தான், "சரி, வா" என்றார்.

ஐந்து மணிக்கு டிக்கெட் கவுன்ட்டரை மூடிவிடுவார்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால்.

"நீ ஏறிட்டு வா. எனக்கு முட்டி ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த பெஞ்சில் மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏன்க்கா அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க?"

"வெயில் கண்ணுல அடிக்குது."

வானம் மூட்டமாக இருந்தது.

உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் கல் படி. இறங்கி வருகிறவர்களுக்கு வழிவிட நான் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. எங்கோ மேலே கடிகார இயந்திரத்தின் சத்தம். டக்... டக்... டக்... பாதி ஏறியிருப்பேன்.

"அண்ணி... மெதுவா வாங்க. படி வழுக்கும்."

ஒரு பெண் குரல். சின்ன வயசுக் குரல். நம்ம பாஷை!

நாலு நாளாக நாத்தனாரைத் தவிர வேறு யார் வாயிலும் நம்ம பாஷையைக் கேட்கவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. யாரோ ஒரு குடும்பம் முன்னால் போகிறது, அந்தப் பெண் தன் அண்ணியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"எந்த ஊரும்மா?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

லேசாக ஒரு சிரிப்பு மட்டும்.

பார்வையாளர் தளத்துக்கு வந்து சேர்ந்தேன். கம்பி போட்ட ஜன்னல்கள். கீழே ஊரே விரித்துப் போட்டதுபோல் கிடந்தது. பாலங்களில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இதற்காகத்தானே இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் நம்ம ஊர் முகம் ஒன்றுகூட இல்லை.

"இங்க இல்ல அண்ணி. இன்னும் மேல. இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது."

மூலையில் இன்னொரு படி மேலே போனது. மற்றவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஏறினேன்.

இந்தப் படி இன்னும் குறுகல். யாரும் எதிரே வரவில்லை. படியெல்லாம் தூசி, மாவு கொட்டிய மாதிரி. எனக்கு மூச்சு இரைத்தது. அவளுக்கு இரைக்கவில்லை. எப்போதும் ஒரு திருப்பம் மேலே இருந்தாள்.

"வாங்க... வாங்க..."

திரும்பிப் பார்த்தேன். தூசியில் என் கால்தடம் இருந்தது. என் கால்தடம் மட்டும்.

அப்போதுதான் கவனித்தேன். டக் டக் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கண்ணாடிய கழட்டிடுங்க அண்ணி. காத்துல பறந்துடும்."

கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டு மனுஷி ஒருத்தி சொன்னால் யோசிக்காமல் செய்வோமே, அப்படி.

கழற்றிய பிறகுதான் புத்திக்கு எட்டியது. இங்கே கண்ணாடி போட்டிருப்பவள் நான் ஒருத்திதான். அப்படியானால் இவ்வளவு நேரமும் அண்ணி என்று கூப்பிட்டது... என்னை.

என் வீட்டுக்காரர்தான் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. என்னை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஆளே கிடையாது.

எதிரே வெளிச்சமாக ஒரு சதுரம். அதன் முன்னால் நீலமாக ஏதோ நின்றது. என் உயரத்துக்கு.

"அண்ணன் வரலையா?"

போன் அடித்தது. நாத்தனார்.

"கண்ணாடி, எங்க இருக்க? எல்லாரும் எறங்கிட்டாங்க."

"மேலதான்க்கா... இங்க ஒரு பொண்ணு... அண்ணின்னு..."

அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது. பிறகு, மிக மெதுவாக:

"அப்படியே தரையில உக்காரு. ஒரு அடிகூட எடுத்து வெக்காத."

உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டேன்.

யாரும் இல்லை.

முன்னால் ஜன்னல். கம்பி இல்லை. அடிச்சுவர் என் இடுப்பளவுகூட உயரமில்லை.

இன்னும் ஒரே ஒரு அடி...

கீழே சத்தம் கேட்டது. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன். படியின் அடியில் ஒரு இரும்புக் கம்பிக் கதவு. ஏறும்போது அதை நான் பார்க்கவே இல்லை. பூட்டியிருந்தது. வெளியிலிருந்து. அந்தப் பக்கம் காவலாளி நின்றிருந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. ஆனால் பூட்டைக் காட்டினார், என்னைக் காட்டினார், மறுபடி பூட்டைக் காட்டினார். பூட்டு முழுக்கத் துரு. சாவி நுழையவே இல்லை. சுத்தியல் எடுக்க ஓடினார்.

அவர் போய்விட்டார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதுகுக்குப் பின்னால், படியில் யாரோ இறங்கி வரும் சத்தம்...

காதோரம் குளிர்ச்சி.

"அண்ணன எப்ப கூட்டிட்டு வருவீங்க?"

அவர்கள் பூட்டை உடைத்தது எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது பெஞ்சில் கிடந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு ரயிலில் சொன்னார்.

"அவனுக்குக் கீழ எங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. காலேஜ்லேருந்து டூர் வந்தா. அந்த ஜன்னல்லேருந்து விழுந்துட்டா. கதவு போட்டுப் பூட்டினதே அதுக்கப்புறந்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா."

"அம்மா தாங்கல. அதனால போட்டோவெல்லாம் எடுத்துட்டோம். யாரும் அவ பேச்சே எடுக்கக் கூடாதுன்னு இருந்தோம். அம்மா போன பிறகும் வாய் வரல."

ரயில் ஜன்னல் கதவை இறக்கிவிட்டார். பிறகு, "அவளும் உன்ன மாதிரி சோடாபுட்டிதான். விழுந்த அன்னிக்கு அவ கண்ணாடி மட்டும் படியில ஒடையாம கெடந்துதாம். கழட்டி வெச்சிருக்கா" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. அவள் என்னைப் பார்த்ததே இல்லை. நான் யார் என்று அவளுக்கு யார் சொன்னது?

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னைக் கேட்டாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டா" என்றேன்.

அதிலிருந்து தினமும் அதே கேள்விதான். எப்படிக் கேட்டாள், என்ன வார்த்தை சொன்னாள், கோபமாகக் கேட்டாளா, ஆசையாகக் கேட்டாளா... சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

முந்தாநாள் காலையில் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தலைநகரத்துக்கு டிக்கெட் போட்டுட்டேன். வெள்ளிக்கெழமை."

"நமக்கு ரெண்டு பேருக்குமா?"

"எனக்கு மட்டும்."

"திரும்பி வர என்னிக்குப் போட்டிருக்கீங்க?"

அவர் கடைசிப் பட்டனைப் போட்டு முடித்தார்.

"அத அங்க போய்ப் பாத்துக்கலாம்."