அண்ணர் வைத்திருந்த பியரடி

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணரின் ஓராண்டுத் திருப்பலிக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மகள் என்னிடம் பேனையைத் தந்தபோது, "நல்லதை மட்டும் எழுதுங்கோ அம்மா" என்றாள். அண்ணரைப் பற்றி எழுதுவதற்கு நல்லதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கெட்டது ஒன்று உண்டு, அது நான் செய்தது. அதை விட்டுவிட்டு அவருடைய கதையை எழுதினால், அரைவாசிக் கணக்கைச் செய்துவிட்டுக் கொப்பியை மூடிய பிள்ளையாகி விடுவேன். முப்பது வருடம் அப்படிப்பட்ட பிள்ளைகளின் காதைத் திருகியவள் நான்.

அண்ணர் பிறந்தது தலைமன்னாரில், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருடம். அவருக்கு ஒன்பது வயது இளையவள் நான். எங்களைப் பெற்ற ஐயா பியரடியில் பயணிகளின் பெட்டி தூக்கியவர். பியர் என்று நாங்கள் சொல்வது இந்தியாவுக்குப் போகும் கப்பல் வந்து அணையும் பாலத்தை. கொழும்பிலிருந்து வரும் ரயில் அந்தப் பாலத்தின் அருகிலேயே வந்து நிற்கும். இறங்கியவர்கள் நாலு எட்டு நடந்தால் கப்பல். ஐயா நெஞ்சு வருத்தத்தில் திடீரென்று போனபோது அண்ணருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டு மாமாமாருடன் வலைக்குப் போனார். என்னை மட்டும் மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். "நீ படி. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். அந்த மிச்சம் என்ன என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தங்கச்சி படிச்சு முடியட்டும்" என்றார். நான் படித்து முடித்து ஆசிரியையாகி, எனக்குக் கலியாணமும் ஆன பிறகு அம்மா மறுபடி தொடங்கினார். "இனி வயசு போட்டுது அம்மா" என்று அண்ணர் சிரித்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து கூட ஆகவில்லை.

இருபது வயதில் அண்ணருக்குப் பயணிகள் தங்கிப் போகும் பியரடி வாடிவீட்டில் வேலை கிடைத்தது. அவருடைய வாழ்க்கை தொடங்கியதும் ஒரு விதத்தில் முடிந்ததும் அங்கேதான்.

இப்போது தலைமன்னாருக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது நம்ப முடியாததாக இருக்கும். அந்த நாளில் பியரடி ஒரு ஊரே இல்லை, திருநாள். கப்பல் நாளில் காலை ரயில் வந்தால் மேடை முழுக்க மனிதர்கள். பட்டுச்சேலை கட்டிய மதுரை அம்மாமார், திருத்தலங்களுக்குப் போகிற குடும்பங்கள், தோளில் கிற்றார் தொங்கும் நீளமுடி வெள்ளைக்காரர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட சினிமாக்காரர். கடைகளில் இந்தியச் சேலையும் வாசனைச் சவர்க்காரமும் மல்லிகைப் பூவும். சுங்கம் திறக்கும் வரை வசதியானவர்கள் எல்லாரும் வாடிவீட்டு விறாந்தையில் போய் இருப்பார்கள். கடல் மூன்று பக்கமும் மினுங்கும். சுவர், கதிரை, குடிக்கிற தேத்தண்ணி எல்லாவற்றிலும் அந்த வெளிச்சம் ஆடிக்கொண்டிருக்குமாம்.

ஆடிக்கொண்டிருக்குமாம் என்றுதான் நான் எழுத வேண்டும். ஏனென்றால் அந்த விறாந்தையில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. குமர்ப்பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எனக்குத் தெரிந்த வாடிவீடு முழுவதும் அண்ணரின் வாயிலிருந்து வந்தது.

விறாந்தையின் கடல் பக்க மூலையில் சீட்டாடுவதற்கு ஒரு கடதாசி மேசை இருந்தது. அதற்குப் பொறுப்பு அண்ணர். விளையாட்டு எங்கள் ஊருக்கே உரிய முந்நூற்றி நாலு. நாலு பேர், இரண்டு சோடி, ஒருவர் துரும்புச் சீட்டு ஒன்றைத் தெரிந்து கவிழ்த்து வைக்க வேண்டும். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் பத்து நிமிடத்தில் அவருக்கு ஆட்டத்தைப் பழக்கிவிடுவார் அண்ணர். காசு வைத்து ஆட அவர் விட்டதில்லை. பங்குச் சுவாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பதிலாக, தோற்ற சோடி எழும்பி நின்று தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். துணி வியாபாரிகள் பாடினார்கள். கொழும்புக் கந்தோர் துரைமார் பாடினார்கள். பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடியபோது குசினியிலிருந்து கோக்கியார் கரண்டியோடு வந்து நின்றாராம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கப்பல் ஊதினால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. யார் கையில் என்ன இருந்தாலும் அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்ப வேண்டும். கவிழ்த்து வைத்த துரும்பைத் திறந்து பார்க்கக் கூடாது. "ஏன் அண்ணை, பாத்தால் என்ன?" என்று நான் கேட்டிருக்கிறேன். "பாத்தால் ஆட்டம் முடிஞ்சிடும் தங்கச்சி. பாக்காட்டி அவையள் திரும்பி வந்து ஆடுவினம்" என்றார். வந்தார்கள் என்றும் சொன்னார். இரண்டு வருடம் கழித்து ஒரு தஞ்சாவூர்க்காரர் இறங்கி, நேரே மேசைக்கு வந்து, "அன்றைக்குத் துரும்பு கவிழ்த்தது நான்தான்" என்று உட்கார்ந்தாராம்.

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அண்ணர் ஒரு கதையைக் கையில் எடுத்தால் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிடுவார். நானோ கணக்கு ரீச்சர். "போன கிழமை அந்தக் கப்பலுக்கு ரெண்டு தட்டு எண்டியள், இப்ப மூண்டு தட்டாப் போச்சோ?" என்று பிடித்துவிடுவேன். "உனக்குக் கப்பல் வேணுமோ, தட்டு வேணுமோ?" என்பார் அவர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது, கப்பல் ஓடவில்லை. அண்ணர் வாடிவீட்டை விட்டு வர மனமில்லாமல் சில காலம் அங்கேயே மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரயிலும் வராமல் போனது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அகதிகள் தங்கியிருந்த மடு மாதா கோயிலுக்கு ஓடி வந்தார். அங்கே கூடாரத்தில்தான் அம்மா கண்ணை மூடினார். கடைசியில் உயிலங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், சாகும் வரை எங்களோடுதான் இருந்தார். என் கணவர் காலமான பின் என் பிள்ளைகளுக்குத் தகப்பனாக நின்றவரும் அவர்தான்.

முருங்கனில் ஒரு நெல் மில்லில் சாக்குத் தைக்கிற வேலை செய்தார். நாலு நாட்டுக்காரருக்குக் கடதாசி போட்ட விரலில் சணல் கயிறு அறுத்துக் காய்ச்சுப் போயிருந்தது. ஒரு நாள் மனம் பொறுக்காமல், "உங்களுக்கு இது கஷ்டமாயில்லையோ அண்ணை?" என்று கேட்டேன். "நான் இங்கை வேலைதான் செய்யிறன், தங்கச்சி. இருக்கிறது பியரடியிலை" என்றார். அது உண்மைதான். பின்னேரம் வேலை முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி முற்றத்தில் கதிரையைப் போட்டால் கப்பல் வந்துவிடும். வயல்காரரும் வருவார்கள், பஸ் தவறவிட்டவர்களும் வருவார்கள். நாலு பேர் சேர்ந்தால் கடதாசி. கடலே காணாத உயிலங்குளத்துப் பிள்ளைகள் சுங்க வாசலிலிருந்து விறாந்தைக்கு எத்தனை படி என்று சொல்வார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு தலைமன்னாருக்கு மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. ஊரெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அண்ணர் மட்டும் அசையவில்லை. மகள் கேட்டாள், மருமகன் கேட்டார். "இல்லை பிள்ளை, நான் வரேல்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. மனுசன் பயப்படுகிறார், ஒரு தரம் பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நானே தீர்ப்பு எழுதினேன். என் வாயில் பொய் வராது என்பது ஊருக்குத் தெரியும். அந்த வாயால்தான் சொன்னேன்: "அண்ணை, தலைமன்னாரிலை சித்தியின்ரை பூட்டப்பிள்ளைக்கு ஞானஸ்நானமாம். நீங்கள் வராட்டி சித்தி வீட்டார் குறை நினைப்பினம்." உறவுக்காரர் குறை நினைப்பார்கள் என்று சொன்னால் அண்ணர் நெருப்பிலும் நடப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

முருங்கனில் ரயில் ஏறினோம். அண்ணர் போட்டது வெள்ளைச் சேட்டு, கையில் மடித்த கைலேஞ்சி, குழந்தைக்கு என்று வாங்கிய ஒரு சின்னத் தொப்பி. கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி கடந்து தீவுக்குள் போனதும் அண்ணர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்தேன். இல்லை, உதடு அசைந்தது. ஒவ்வொரு வீட்டையும் கடையையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார் போல.

இறங்கினோம். வாடிவீடு இருந்த இடத்தில் ஒரு சுவரும் பற்றையும். பாலத்தின் பலகை எல்லாம் போய், கறள் பிடித்த தூண்கள் கடலுக்குள் நின்றன. கம்பி வேலிக்கு அப்பால் போக முடியாது. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. அண்ணர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஞானஸ்நானம் எந்தக் கோயிலிலை?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியைச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "சரி. ரெயின் வெளிக்கிட முதல் போவம், வா" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து முற்றத்தில் கதிரை போடவில்லை. கடதாசிக் கட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். யாராவது கப்பல் கதை கேட்டால், "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது" என்பார். என்னோடு கோபமில்லை. சாப்பிட்டார், கோயிலுக்கு வந்தார், மருந்து வாங்கித் தந்தார். ஆனால் என் முகத்தை நேரே பார்த்துப் பேசவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று ஊரில் சொல்வார்கள். எல்லாம் இழந்து வந்த மனிதர் ஒரே ஒன்றைத்தான் கொண்டு வந்திருந்தார். அதைச் சண்டை பறிக்கவில்லை, நான் பறித்தேன். பதினொரு மாதம் இந்த எண்ணத்தோடுதான் சோறு தின்றேன்.

பிறகு அண்ணருக்கு நுரையீரலில் நீர் கட்டியது. இங்கிருந்து நன்றி சொல்லத் தொடங்குகிறேன். ஓட்டோவில் தூக்கி ஏற்றிய அயலவர்கள், இரத்தம் கொடுத்த என் பழைய மாணவர்கள், இரவு பகல் பார்க்காமல் நின்ற தாதிமார், நற்கருணை கொண்டு வந்த பங்குத்தந்தை, அடக்கத்துக்குப் பந்தல் போட்டு மூன்று நாள் சமைத்துப் போட்ட உயிலங்குளத்து மக்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எல்லாரையும் விட ஒருவருக்கு. ஆஸ்பத்திரியில் அண்ணரின் பக்கத்துக் கட்டிலில் முசலிப் பக்கத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். ஐந்தாம் நாள் பின்னேரம் நான் கஞ்சி கொண்டு போனபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கட அண்ணர் ரெண்டு நாளா ஒரு கதை சொல்றார். போன வருசம் நீங்களும் அவரும் ரெயில்ல தலைமன்னாருக்குப் போனீங்களாம். பியர்ல கப்பல் வந்து கிடந்துச்சாம். வாடிவீட்டு விறாந்தையில இருந்து ரெண்டு பேரும் கடதாசி அடிச்சீங்களாம். எனக்குத் தெரிய அந்தக் கப்பல் ஓடாம எத்தனையோ வருசம். மெய்தானா?"

மருந்தின் மயக்கமா, தெரிந்துதான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அண்ணர் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பதினொரு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"ஓம்" என்றேன். "கப்பல் வந்திருந்தது. அம்மா விடாத விறாந்தையிலை அண்டைக்குத்தான் நான் முதல்முதலா ஏறினனான். மேசைக்கு வெள்ளை விரிப்பு. கடல் காத்துக்கு அதின்ரை நுனி பறந்துகொண்டு இருந்தது. அண்ணைதான் கடதாசி போட்டவர். நல்ல சனம். இருக்க இடமில்லை."

அண்ணர் பெரியவரின் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது. "பாத்தியளே" என்றார். "ரீச்சர் சொல்லுறா."

அதன் பிறகு நாலு நாள் பேசினார். தாதிமார் நின்று கேட்டார்கள். பெரியவர், "பொறகு?" "பொறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னதே இல்லாத கதைகள் கூட வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை மணி அடிக்கும் நேரம், பேசிக்கொண்டிருந்த அண்ணர் கொஞ்சம் களைத்திருப்பது போலக் கண்ணை மூடினார். அப்படியே இறைவனிடம் போனார்.

அந்த "பொறகு"க்காக அந்தப் பெரியவருக்கு என் நன்றி. அவர் சுகமாக வீடு திரும்பிவிட்டார் என்று அறிகிறேன்.

அண்ணரின் பியரடியைக் கேட்க விரும்புகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கதிரையை மறுபடியும் முற்றத்தில் போட்டிருக்கிறோம். அவர் அளவுக்குச் சொல்ல எனக்கு வராது. ஆனால் நாங்கள் இருவரும் போன அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், அன்றைக்குக் கப்பல் வந்திருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

அன்புத் தங்கை
உயிலங்குளம்