டீசல் நிரம்பிய கதவு

காவேரிப்பட்டினம் தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தின் மேல் எங்கள் கம்பெனி பஸ் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் அது எனக்கு உறைத்தது. கைபேசியில் ட்ரோன் எடுத்த போர்க்காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன டாங்கி கண்ணிவெடியில் சிக்கி, சக்கரச் சங்கிலி அறுந்து நின்றுவிட்டது. எல்லோரையும் போல நானும் டாங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில், பின்னால் வந்த கவச வண்டி ஒன்று சட்டென்று திரும்பிப் பின்கதவைத் திறந்தது. ஆட்கள் குதித்து, குனிந்தபடியே ஓடி ஒரு மரவரிசைக்குள் மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மரவரிசை அவர்களுடையதாகிவிட்டது. டாங்கி அங்கேயே கிடந்து புகைந்தது.

இத்தனை நாளும் தப்பான வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அக்காவைத் தட்டி எழுப்பினேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து போச்சம்பள்ளிக்கு வேலைக்கு வந்தவள். அசெம்பிளி லைனில் நிற்பவள். நான் அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. மெக்கானிக்கல் படித்துவிட்டு, கிடைத்த வேலையில் மனசு ஒட்டாமல், போர் வண்டிகளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவள். எங்களைச் சேர்த்து வைத்ததே அவள் தம்பியைப் பற்றிய பேச்சுதான். அவன் ராணுவத்தில், கவச வண்டிக்குள் உட்கார்ந்து போய்ச் சண்டையிடும் காலாட்படையில் இருக்கிறான். டாங்கிப் படைக்காரர்கள் தன்னை மதிப்பதில்லை என்று அக்காவிடம் குறைபட்டுக்கொள்வான்.

"டாங்கிய விட உன் தம்பி வண்டிதான்க்கா முக்கியம்," என்றேன்.

"இதுக்குத்தான் எழுப்புனியாக்கும்," என்று அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அன்று மாலையே தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னைப் பேசச் சொன்னாள்.

நான் மூச்சு விடாமல் பேசினேன். டாங்கி ஓரிடத்துக்குப் போய்ச் சேரும், ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. வீட்டுக்குள் நுழைந்து பார்க்காது, பதுங்குகுழிக்குள் இறங்காது. அதற்கு ஆள் வேண்டும். ட்ரோன்கள் மேலே சுற்றும் இந்தக் காலத்தில் அந்த ஆள் நடந்தோ லாரியிலோ போய்ச் சேர முடியாது. டாங்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரே கெட்டியான அரண் இருந்தால், மெல்லிய தகடு கொண்ட கவச வண்டி டாங்கியின் துணை இல்லாமல் கிட்டே நெருங்கக்கூட முடியாது. ஆனால் டாங்கி வழியை உடைத்துத் திறந்த பிறகு பின்னால் யாரும் வரவில்லை என்றால், அந்தத் தாக்குதல் எதற்கு?

தம்பி முழுசாகக் கேட்டான். "மேடம் சொல்றது சரிதான்க்கா. ஆனா டாங்கிக்காரன் தலைய வெளிய நீட்டிக் காத்து வாங்கிட்டுப் போவான். நாங்க உள்ள அடுக்கி வச்ச கருவாடு."

அக்கா சிரித்தாள். சிரித்து முடித்ததும், அடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். டாங்கியில் மூன்று பேர், தம்பியின் வண்டியில் பத்துப் பேர் என்பது அவளுக்குத் தெரியும்.

"பின்னாடி கதவு இருக்குல்லக்கா," என்று நான் முந்திக்கொண்டேன். தம்பி பேச்சை மாற்றினான்.

ஏன் மாற்றினான் என்று எனக்குத் தெரியும். அவனுடையது பழைய வடிவ வண்டி. அதன் பின்கதவுகள் இரண்டும் உள்ளே வெற்றுக் கூடு. அந்தக் கூட்டுக்குள் டீசல் நிரப்புவார்கள், நெடுந்தூரம் போவதற்காக. சண்டைக்கு முன்னால் அதை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அடிபடும்போது தப்பிக்கும் கதவே பற்றிக்கொள்ளும்.

எங்கள் பஸ்ஸிலும் பின்னால் ஒரு அவசரக் கதவு உண்டு. கூடுதலாக ஆறு பேரை ஏற்றுவதற்காக, பஸ் விடும் ஒப்பந்தக்காரர் அதன் குறுக்கே ஒரு நீள இருக்கையைப் போட்டிருந்தார். அதன் இரும்புச் சட்டம் கதவோடு சேர்த்தே போல்ட் போடப்பட்டிருந்தது. கடைசி இருக்கை யாரும் எழுப்பிவிடாத இடம் என்பதால், நானும் அக்காவும் தினமும் அங்கேதான் உட்காருவோம்.

மழை விட்ட ஒரு மாலை, வேலை முடிந்து திரும்பும்போது பஸ்ஸின் நடுவில், தரைக்கடியிலிருந்து புகை வந்தது. ஒயர் எரியும் நாற்றம். டிரைவர் ஓரங்கட்டுவதற்குள் புகை கூரையைத் தொட்டுவிட்டது. எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். நாங்கள் கடைசியில் இருந்தோம். நான் இருக்கையின் மேல் ஏறிச் சிவப்புக் கைப்பிடியைத் திருகினேன். அது திரும்பியது, கதவு அசையவில்லை. உதைத்தேன். அக்கா என் சுடிதாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு புகைக்குள் முன்னால் நகர்ந்தாள். படிக்கட்டில் இன்னும் நெரிசல். யாரோ தள்ள, அவள் விழுந்தாள். அவள் மேல் மிதித்துத்தான் மற்றவர்கள் இறங்கினார்கள். நானும் மிதித்தேன். எதை மிதிக்கிறேன் என்று தெரியவில்லை.

ரோட்டோரக் கடைக்காரர்கள் மண்ணையும் தண்ணீரையும் கொட்டி அணைத்தார்கள். யாரும் சாகவில்லை என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள். அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது, இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் முதலில் கேட்டது தன் கையைப் பற்றி அல்ல.

"அவன் வண்டிக் கதவு தொறக்குமா?"

திறக்கும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் டீசலையும் சொன்னேன். உடனே நல்ல கையால் தம்பிக்குப் போன் போட்டாள். விழுந்ததையும் உடைந்ததையும் அவனிடம் சொல்லவே இல்லை.

"சண்டைக்குப் போறப்ப கதவுல இருக்க டீசல எறக்கிருவீங்களாடா?"

யார் சொன்னது என்று கேட்டான். அவள் கேட்டதையே திரும்பக் கேட்டாள்.

"எறக்கிருவோம்க்கா," என்றான். கொஞ்சம் கழித்து, "நேரமிருந்தா."

எது முக்கியம் என்று இப்போது யார் கேட்டாலும் என் பதில் மாறாது, கவச வண்டிதான். ஆனால் அதைச் சொல்லும்போது பழைய உற்சாகம் வருவதில்லை. இடத்தைப் பிடிப்பவர்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்கள் என்றால், மொத்தமாகப் போகக்கூடியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். தகட்டின் கனம், பீரங்கியின் வாய் அகலம் எல்லாம் எனக்கு மனப்பாடம். கதவு திறந்து கடைசி ஆள் வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் நான் தேடிப் படித்ததே இல்லை.

பஸ் புது ஒயரோடு திரும்பி வந்தது. அதே இருக்கை, அதே போல்ட். கம்பெனியில் சொன்னேன், ஒப்பந்தக்காரரிடம் சொல்கிறோம் என்றார்கள். ஒப்பந்தக்காரர், இருக்கையை எடுத்தால் அந்த ஆறு பேர் நின்றுகொண்டு வரட்டும் என்றாராம். அக்கா கை கூடியதும் இதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அவள் தெருவுக்கு வேறு பஸ் கிடையாது.

டிரைவர் பாகலூர்க்காரர். போனில் வீட்டுக்காரம்மாவிடம் கன்னடம், ஒப்பந்தக்காரரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவரிடம் நேராகவே கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வண்டி ஷெட்டுல நிக்கும். நான் சாப்புடப் போயிருவேன். சாப்பாடு எனக்கு மெதுவாத்தான் எறங்கும்."

பதினேழாம் நம்பர் ஸ்பானர் வாங்கி வைத்திருக்கிறேன். போல்ட் தலைகள் துருவேறி மழுங்கியிருக்கின்றன; துரு இளக எண்ணெயை நேற்றும் இன்றும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே விட்டுக்கொண்டு வந்தேன். கழலாவிட்டால் இரும்பு ரம்பத்தால் அறுக்க வேண்டும். அதன் பிறகு கைப்பிடியைத் திருகி, தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்க்க வேண்டும்.