நிழல் டிரைவர் வாங்கிய சோலார்

கருத்தையா என்று கேட்டால் டிப்போவில் யாருக்கும் தெரியாது. 'நிழல் டிரைவர்' என்று கேட்க வேண்டும். டீக்கு வண்டியை நிறுத்துவதென்றாலும் மரம் ஒன்று கண்ணில் பட்டால்தான் அவர் கால் பிரேக்கைத் தேடும். பஸ் ஸ்டாண்டில் கட்டிடத்தின் நிழல் நகர்ந்தால் பஸ்ஸையும் கூடவே நகர்த்துவார். "ஏண்ணே, பஸ்ஸுக்கு வேர்க்குதாக்கும்?" என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அவர் அசரமாட்டார். சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் நிழலின் அருமை தெரியும். முப்பத்தொரு வருஷம் அப்படியே ஓட்டி, யார் மேலும் ஒரு கீறல் படாமல் ஓய்வு பெற்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சோலார் வாங்கப் போனால் என்ன ஆகும்? ஆனதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றதும் கருத்தையா செய்த முதல் காரியம், ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய வேனை வாங்கியது. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், தண்ணீர்த் தொட்டி கட்டினார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் முத்தரசு போனில் சிரித்தான். "ரிட்டையர் ஆன டிரைவரெல்லாம் ஸ்டியரிங்கக் கண்டாலே ஓடுறாக. நீங்க என்னப்பா தேடிப் போயி வாங்குறீக!"

காரணம் அவர் ஊரான கீழச்சிவல்பட்டியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். பதினோரு வருஷம் அவருக்குச் செம்பனேந்தல் ரூட். தார் ரோடு முடிகிற ஊர் அது. ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால் கண்மாய்க்கரை, அங்கே ஒரு புளியமரம், பஸ் திரும்புகிற திடல். கடைசி பஸ்ஸோடு போனால் நைட் ஹால்ட். காலை ஐந்து பத்துக்கு முதல் பஸ்ஸாகத் திரும்ப வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் அங்கே படுத்தார். மனைவி உமையாள் கைப்பிள்ளையோடு வீட்டில் தனியாகப் படுத்தாள்.

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் மனைவியிடம் பெருமையாகக் கேட்டார்: "இனி டூட்டி இல்ல. எங்க போகணும் சொல்லு. ராமேஸ்வரமா, திருச்செந்தூரா?"

உமையாள் யோசித்துச் சொன்னாள். "அந்தச் செம்பனேந்தலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு நாளு இருக்கணும்."

"அங்க என்ன இருக்கு, ஒரு புளியமரத்தத் தவிர?"

"பதினோரு வருஷம் அப்படி என்னதான் இருந்துச்சுன்னு பாக்கணும்."

கருத்தையா சிரிக்க வாயெடுத்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். பாவம், அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

போவதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. உமையாளுக்கு நாலு வருஷமாக இன்சுலின். கோடை வெயிலில் மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும். "அம்மா மருந்து கெட்டுச்சுன்னா அன்னைக்கே வேனை வித்துருங்க" என்று முத்தரசு கறாராகச் சொல்லிவிட்டான். ஆகவே பேட்டரியில் ஓடும் குட்டி ஃப்ரிட்ஜ், அதற்கொரு பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற சோலார் என்று காரைக்குடியில் சித்ராவின் கடைக்குப் போனார்.

சித்ரா நாற்பது வயதுக்காரி. பேட்டரியைத் தூக்கிப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லக்கூடியவள். இரண்டு விதமாகக் காட்டினாள். "இது கூரையில முடுக்குறது. ரெண்டு போட்டா உங்களுக்குத் தாராளம். இந்தா, இது மடக்குற பேனல். நீள ஒயரோட வரும். வேணுங்கிற எடத்துல விரிச்சு வச்சுக்கலாம். நீங்க வண்டிய எங்கண்ணே நிறுத்துவீக?"

"எங்கிட்டோ நிறுத்துவேன். நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயில்ல நிறுத்துவீகளான்னு கேக்குறேன்."

"கீழ விரிச்சு வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்த்தா. கூரையிலயே போடு."

முப்பத்தொரு வருஷம் நிழல் தேடி அலைந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லையே! வேனின் சொந்த பேட்டரியிலிருந்தும் ஒரு இணைப்புக் கொடுக்கட்டுமா என்று சித்ரா கேட்டதற்கு, "வண்டி பேட்டரியில கை வச்சா காலையில ஸ்டார்ட் ஆகாது" என்று அதையும் மறுத்துவிட்டார்.

சித்திரை மாதம் கிளம்பினார்கள். செம்பனேந்தல் திடலுக்குள் நுழைந்ததும் கருத்தையாவின் கை தானாகவே திருப்பி, பஸ் நின்ற அதே இடத்தில், புளியமரத்தின் அடர்ந்த நிழலில் வேனை நிறுத்தியது. முதல் நாள் சொர்க்கம். மின்விசிறி சுற்றியது, கண்மாய்க் காற்றும் வந்தது. உமையாள் கையோடு கொண்டு வந்திருந்த மோர் மிளகாயை எட்டத்தில், வெயிலில் துணி விரித்துக் காயப்போட்டாள். இரண்டாம் நாள் பேட்டரி மீட்டரில் எண் நூறிலிருந்து அறுபதுக்கு வந்தது. பிறகு முப்பது. கருத்தையா மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கியது.

பக்கத்து வயலில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த முத்தப்பன் பழைய பழக்கம். ஹால்ட் நாட்களில் டீ கொடுத்தவர். அவர் மோட்டாருக்கு வரும் கரண்டில் பேட்டரி ஃப்ரிட்ஜ் ஓடாது. அவருடைய தண்ணீர்ப் பானை மேல் ஈரத்துணி சுற்றி மருந்துக் குப்பிகளை வைத்தார்கள். அது எத்தனை நேரம் தாங்கும்? வேனை வெயிலுக்கு நகர்த்திப் பார்த்தார். அரை மணியில் உள்ளே சோறு வேகும் போலிருந்தது. உமையாளின் முகம் வெளுத்தது. பதறிப்போய்ப் பழையபடி நிழலுக்கே கொண்டு வந்தார்.

"போதும், கிளம்பு. வீட்டுக்குப் போயிருவோம்."

"வரமாட்டேன்."

"மருந்து கெட்டுரும்த்தா!"

"நீங்க இந்த மரத்தடியில பதினோரு வருஷம் படுத்தீக. நான் ரெண்டு ராத்திரிதான் படுத்திருக்கேன். இப்பவும் பாதியில கூட்டிட்டுப் போறேங்கிறீக." அழுகையை அடக்க மிளகாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். காக்கை ஒன்று வந்து இறங்கவும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பை வீசினாள். வீசிய கை அப்படியே நின்றது.

"ஏங்க, மொளகாயக் காயப்போட்டுட்டு நாமளும் வெயில்லயா காயிறோம்? அது அங்குட்டுக் கெடக்கு, நான் இங்குட்டு நெழல்ல இருக்கேன். அந்தப் பலகைய மட்டும் ஏன் நம்ம தலைக்கு மேல வச்சிருக்கீக?"

கருத்தையா கூரையை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். போனை எடுத்தார்.

சித்ரா முதலில் சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் வழி சொன்னாள். "ஒண்ணக் கழட்டுனாப் போதும்ணே. கழட்டுறதுக்கு முன்னாடி போர்வையப் போட்டு மூடுங்க, வெயில் பட்டா அதுல கரண்டு ஓடும். ஒயரு கனமா இருக்கணும். சிவப்பு சிவப்போட, கருப்பு கருப்போட."

ஒயருக்கு முத்தப்பன் இருந்தார். மோட்டார்க் கொட்டகையில் கிடந்த மிச்ச ஒயரைச் சுருளாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கருத்தையா அறுபது வயதில் கூரைமேல் ஏறி நாலு போல்ட்டையும் கழற்றினார். உமையாளின் போர்வையால் மூடிய பேனலை அவரும் முத்தப்பனும் மெள்ள இறக்கி, மிளகாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லில் சாய்த்தார்கள். இணைத்து, டேப் சுற்றி, போர்வையை எடுத்தார்கள்.

மீட்டரில் பன்னிரண்டு ஆம்பியர் காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்கியது. கருத்தையாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கண் கலங்கிப் போனது. வேர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க உமையாள்தான் பேனலுக்கு எஜமானி. கிளை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் எண் பாதியாகக் குறைவதை அவள்தான் கண்டுபிடித்தாள். மிளகாயைக் கிளறும்போதெல்லாம் பேனலையும் வெயிலுக்குத் தக்கபடி திருப்பி வைத்தாள். "உங்களுக்கு நெழலு, அதுக்கு வெயிலு. ரெண்டு பேரையும் நாந்தான் பாக்கணும்" என்று அலுத்துக்கொண்டாள். மூன்று நாளில் அவள் முகத்தில் அன்றைக்குத்தான் அவர் சிரிப்பைப் பார்த்தார்.

மறுநாள் விடிகாலையில் கருத்தையா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். கால் செருப்பைத் தேடியது.

"எங்க கிளம்பிட்டீக?" உமையாள் விழித்துத்தான் கிடந்தாள்.

"இல்ல... மணி அஞ்சு பத்து" என்றவர் வெட்கப்பட்டு நிறுத்தினார். "நீ தூங்கலையா?"

"நானும்தான் பதினோரு வருஷம் வீட்டுல அஞ்சு பத்துக்கு முழிச்சுக் கெடந்தேன். இப்ப வண்டிய எடுத்திருப்பாக, இப்ப வந்துக்கிட்டிருப்பாகன்னு. அந்த முழிப்பு இன்னும் விடல."

அவருக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"பேட்டரி எம்புட்டு இருக்கு?" என்றாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "நாப்பது."

"மருந்து?"

"ஜில்லுன்னு இருக்கு."

"அப்புறம் என்ன அவசரம்? இன்னைக்கு மொத பஸ்ஸ நீங்க எடுக்க வேணாம். படுங்க."

கருத்தையா செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.